முதலில் எழுந்த கை

கில்பாரன்,
ராஸ்காமன் மாவட்டம்,
25 ஜனவரி 1986

அன்புள்ள டெலியா அத்தைக்கு,

இந்தக் கடிதம் கைக்கு வரும்போது நீங்கள் நல்ல உடல்நலத்தோடு இருக்க வேண்டும். ஃபிலடெல்ஃபியாவில் அன்று பனி கொட்டாமலும் இருக்க வேண்டும்.

உங்களை அத்தை என்று அழைக்கலாமா என்று ஒரு வாரம் யோசித்தேன். "மதிப்புக்குரிய செயலாளர் அவர்களுக்கு" என்று தொடங்கி இரண்டு தாள்களைக் கிழித்தும் போட்டேன். நான் மாலக்கி டான்ஸியின் மகள் டெர்வ்லா. வயது பதினைந்து. எனக்கு அமெரிக்காவில் ஓர் அத்தை இருக்கிறார் என்பதும், அவர் நடனப் போட்டியில் வாங்கிய பதக்கத்தோடு நிற்கும் படம் ஒன்று அம்மாவின் அலமாரியில் இருக்கிறது என்பதும் தெரியும். அதற்கு மேல் எதுவும் தெரியாது. அம்மாவிடம் கேட்டால், "உங்கப்பா முன்னாடி அந்தப் பேரை எடுக்காதடி. எடுத்தா அவரு டீயைக் குடிக்காமலே எந்திரிச்சுப் போயிடுவாரு" என்பார்.

உங்கள் முகவரி எனக்குக் கிடைத்த விதத்தைச் சொல்ல வேண்டும். நம் ஊர் ஐரிஷ் மொழி, நடனச் சங்கத்தை 1979-இல் கலைத்துவிட்டார்கள். அதன் காகிதங்கள் எல்லாம் செயலாளராக இருந்த ஸ்கேன்லன் வாத்தியார் வீட்டில் பதினொரு தேயிலைப் பெட்டிகளில் கிடந்தன. இந்தக் குளிர்காலத்தில் அவற்றை மாவட்ட நூலகத்துக்குக் கொடுத்துவிட்டார். சனிக்கிழமைகளில் நான் அங்கே போய்ப் பட்டியல் போடுகிறேன். பள்ளியில் யார் விருப்பம் என்று கேட்டபோது என் கை மட்டும்தான் எழுந்தது. மற்றவர்கள் எல்லோரும் கூடைப்பந்தைத் தேர்ந்துகொண்டார்கள்.

அங்கே எங்கள் தலைவி அட்ராக்டா ஃபீனி அம்மையார். பென்சில் தவிர எதையும் மேசைமேல் வைக்க விடமாட்டார். முதல் நாளே என்னிடம், "அந்தப் பேனாவைப் பைக்குள்ள போடு. இல்லேன்னா, உன்னையே ஒரு பெட்டிக்குள்ள வெச்சு நம்பர் ஒட்டிடுவேன்" என்றார். அதிலிருந்து எனக்கு அவரை மிகவும் பிடித்துவிட்டது.

அத்தை, பெட்டிகளுக்குள் என்னவெல்லாம் இருக்கின்றன தெரியுமா? நடனப் போட்டிகளின் மதிப்பெண் தாள்கள், உடைந்த கோப்பைகளின் பட்டியல் (உடைத்தவர் பெயரோடு), பியானோவில் எலி குடியேறியதைப் பற்றி ஒன்பது கடிதங்கள். தேநீர் கொதிக்க வைக்கும் அண்டாவைச் சமையலறையில் வைப்பதா மேடைக்குப் பின்னால் வைப்பதா என்று பதினான்கு வருடம் வாதாடியிருக்கிறார்கள். வாதம் முழுவதும் ஐரிஷ் மொழியில். வீட்டிலும் கடையிலும் எல்லோரும் ஆங்கிலம்தான் பேசினார்கள். ஆனால் மண்டபத்துக்குள் கால் வைத்தால் ஐரிஷ் மட்டும்தான் என்பது சங்கத்தின் விதி எண் ஒன்று. குறிப்பேடுகளும் அப்படியே, பழைய எழுத்தில் இருக்கின்றன. பள்ளியில் நாங்கள் புதிய எழுத்தில் படிப்பதால் எனக்கு ஒரு பக்கத்துக்கு ஒரு மணி நேரம் ஆகிறது.

ஏழாவது பெட்டியில் உங்கள் ஃபிலடெல்ஃபியா ராஸ்காமன் மக்கள் சங்கத்தின் சுற்றறிக்கை இருந்தது. "தாய்மண்ணின் சகோதரச் சங்கங்களுக்கு" என்று 1978-இல் அனுப்பியது. கீழே, "செயலாளர்: டெலியா டான்ஸி கான்வே." வாத்தியாரின் வரவுப் பதிவேட்டில், "வந்தது, ஜூன் 9. பதில்: இல்லை" என்று குறித்திருக்கிறது. அந்த "இல்லை" எனக்குப் புரியவில்லை. பியானோ எலிக்குக்கூடப் பதில் போட்டவர் அவர்.

போன சனிக்கிழமைதான் புரிந்தது. 1957 நவம்பர் 12, செவ்வாய்க்கிழமைக் கூட்டம். நான்காவது தீர்மானம்: உறுப்பினர்கள் ஆடக் கூடாது என்று சங்கம் தடுத்திருந்த அன்னிய நடனத்தைப் பக்கத்து ஊர் மண்டபத்தில் ஆடியதைக் கண்காணிப்புக் குழு நேரில் பார்த்ததால், டெலியா டான்ஸியின் பெயரை உறுப்பினர் பட்டியலிலிருந்து நீக்குவது. முன்மொழிந்தவர் செயலாளர். வழிமொழிந்தவர் பெயரை நான் தப்பாகப் படித்துவிட்டேன் என்று எண்ணி, ஒவ்வோர் எழுத்தாகக் கூட்டிப் பார்த்தேன். துணைத் தலைவர் மாலக்கி டான்ஸி. ஒருமனதாக நிறைவேறியது.

ஐந்தாவது தீர்மானம் இன்னும் விசித்திரம். விழா நாளில் பன்றி இறைச்சி சாண்ட்விச் செய்து கொடுத்த டெலியா டான்ஸிக்கு நன்றி. அதுவும் ஒருமனதாக. நீக்கிவிட்டு நன்றி சொல்வார்களா? வருகைப் பட்டியலில் பதினேழாவது பெயர் உங்களுடையது. அப்படியானால் நீங்கள் அங்கேயே உட்கார்ந்திருந்தீர்கள். ஒருமனதாக என்றால் உங்கள் கையும் எழுந்ததா?

இன்னொன்றும் என் மண்டைக்குள் குடைகிறது. 1958 ஜனவரி முதல் நடந்த மொழி வகுப்பின் வருகைப் பதிவேட்டில், தொடக்க வகுப்பில், எட்டு வயதுப் பிள்ளைகளின் பெயர்களுக்கு நடுவே அப்பாவின் பெயர் இருக்கிறது. நான்கு வருடம், ஒரு வியாழன்கூடத் தவறவில்லை. துணைத் தலைவர் எதற்கு அரிச்சுவடி வகுப்பில் உட்கார்ந்தார்?

ஃபீனி அம்மையார் சொன்ன விஷயத்துக்காகத்தான் இந்தக் கடிதம். மார்ச் 17 அன்று இந்தக் காகிதங்கள் எல்லோர் பார்வைக்கும் திறக்கப்படும். தண்டனைக் குறிப்பில் பெயர் வருகிறவர் உயிரோடு இருந்தால், அந்தப் பக்கத்தை ஐம்பது வருடம் மூடி வைக்கச் சொல்ல அவருக்கு உரிமை உண்டு. தானே முறையாக உங்களுக்கு எழுதுவதாகச் சொன்னார். நான் முதலில் எழுதுகிறேனே என்று கெஞ்சினேன். "குடும்ப விஷயம், பார்த்து எழுது. கேள்வி அடுக்காதே" என்றார். அடுக்கிவிட்டேன், மன்னியுங்கள். மூடவா, திறக்கவா என்று மட்டும் சொன்னால் போதும்.

அப்பாவுக்கு இது தெரியாது. நம் ஊர்த் தபால்காரர் அவர்தான், தபால் பெட்டியைத் திறப்பவரும் அவர்தான். அதனால் இதைப் பள்ளி இருக்கும் ஊரில் போடப் போகிறேன்.

தங்களைப் பார்த்திராத, ஆனால் பார்க்க ஆசைப்படும்
மருமகள்,
டெர்வ்லா


கில்பாரன்,
16 பிப்ரவரி 1986, ஞாயிறு

அன்புள்ள அத்தைக்கு,

உங்கள் பதில் சாம்பல் புதனன்று வந்தது. வந்த விதத்தை முதலில் சொல்லிவிடுகிறேன்.

இருமல் என்று அம்மா என்னைப் பள்ளிக்கு அனுப்பவில்லை. பத்தரை மணிக்கு வாசல் மணி அடித்தது. திறந்தால் அப்பா. நெற்றியில் காலைப் பூசையில் இட்ட சாம்பல், தோளில் தபால் பை, கையில் நீல உறை. சொந்த வீட்டுக்கு யாராவது மணி அடிப்பார்களா? எங்கள் கடிதங்களை மத்தியானம் சாப்பிட வரும்போது ரொட்டிக்குப் பக்கத்தில் போடுவதுதான் அவர் வழக்கம். அன்று தொப்பியைக்கூடக் கழற்றாமல், "செல்வி டெர்வ்லா டான்ஸி?" என்று ஊரார் யாரையோ கேட்பதுபோல் கேட்டார். ஆமாம் என்றேன். உறையை என் கையில் வைத்துவிட்டு, அடுத்த வீட்டை நோக்கிப் போய்விட்டார். உறைமேல் இருந்த கையெழுத்தை அவர் அடையாளம் கண்டுகொண்டார் என்பது அந்த நடையிலேயே தெரிந்தது. சைக்கிளைச் சுவரில் சாய்த்து வைத்ததையே மறந்துவிட்டுப் போனார்.

நீங்கள் எழுதியிருந்தது ஐந்தே வரிகள். எனக்கு மனப்பாடமாகிவிட்டன. பக்கத்தை மூட வேண்டாம், யாருடைய கை முதலில் எழுந்தது என்று ஊர் படிக்கட்டும் என்று எழுதியிருந்தீர்கள். உங்கள் கை எழவில்லை என்றும், அதை யாரும் குறிக்கவில்லை என்றும் எழுதியிருந்தீர்கள். இனி இது பற்றி எழுத வேண்டாம் என்றீர்கள். என் கையெழுத்து அப்பாவுடையதைப் போலவே இருக்கிறது என்ற கடைசி வரி மட்டும் இல்லையென்றால், நான் உங்கள் சொல்லைக் கேட்டிருப்பேன். அந்த வரியால்தான் துணிந்து எழுதுகிறேன்.

முதலில் ஸ்கேன்லன் வாத்தியாரிடம் போனேன். வயது எண்பத்தொன்று. தன் பெட்டிகளைப் பற்றிப் பேச ஆள் கிடைத்த மகிழ்ச்சியில் பிஸ்கட் டப்பாவைத் திறந்தார். நவம்பர் 12 என்றதும் மூடிவிட்டார்.

"சட்டம்னா சட்டம்தான் பொண்ணே. ஆடினா, பார்த்தாங்க, நீக்கினோம். உங்க அத்தைக்குப் பிறகு என் தம்பி மகனையும்தான் நீக்கினேன்."

அந்தத் தீர்மானத்தை ஐரிஷில்தானே வாசித்தீர்கள் என்றேன்.

"பின்ன? சீனத்துலயா வாசிப்பேன்?"

அங்கே இருந்த எல்லோருக்கும் புரிந்ததா என்று கேட்டேன்.

"புரியலைன்னா கேட்டிருக்கலாமே."

யாராவது எப்போதாவது கேட்டார்களா?

அவர் சன்னலைப் பார்த்தார். "முப்பது வருஷம் செயலாளரா இருந்தேன். ஒருத்தர்கூடக் கேட்டதில்ல" என்றார். பெருமையாகத்தான் சொல்லத் தொடங்கினார், அத்தை. முடிக்கும்போது குரல் அப்படி இல்லை. என்னை வாசல்வரை கொண்டுவந்து விட்டபோது, கேட்காமலே இன்னொன்றும் சொன்னார்: "வழிமொழிய ஆள் இருக்கான்னு நான் தலையைத் தூக்கிப் பார்க்கறதுக்குள்ள உங்கப்பன் கை மேலே இருந்துச்சு. சிரிச்சுக்கிட்டு வேற இருந்தான். அண்ணனே தூக்கிட்டான்னா மத்தவன் ஏன் சும்மா இருப்பான்? என் பேனா ஒரு நிமிஷம் நின்னுச்சு. ஆனா எழுதறதுதானே என் வேலை. எழுதினேன்."

சிரித்துக்கொண்டு இருந்தார் என்பதுதான் எனக்குப் பொருந்தவே இல்லை. என் அப்பாவைப் பற்றி உங்களுக்கு இருபத்தெட்டு வருடமாகத் தெரியாதது எனக்குத் தெரியும்: வளர்த்த நாய் செத்துப்போனவரிடம் மின்சாரக் கட்டண உறையைக் கொடுக்கவே இரண்டு நாள் தள்ளிப்போடுகிறவர் அவர். அவர் எப்படிச் சிரிப்பார்?

வெள்ளிக்கிழமை மத்தியானம், அவர் சாப்பிட்டு முடிக்கும் வரை காத்திருந்தேன். தவக்கால வெள்ளி என்பதால் இறைச்சி இல்லை, மீன்தான். பிறகு அந்தப் பக்கத்தின் நகலை மேசைமேல் வைத்து, பழைய எழுத்து எனக்குச் சரியாக வரவில்லை, படித்துக் காட்டுங்கள் அப்பா என்றேன். பொய்தான். அதற்காக நேற்றுப் பாவமன்னிப்புக் கேட்டுவிட்டேன்.

அவர் தாளை எடுத்தார். பார்க்கவில்லை. குப்புறக் கவிழ்த்து வைத்துவிட்டு, கூட்டம் தொடங்கிய நேரத்திலிருந்து தலைவரின் நன்றியுரை வரைக்கும், ஐரிஷில், ஒரு சொல் விடாமல் சொன்னார். நீங்கள் நீக்கப்பட்ட வரியில் மட்டும் குரல் தாழ்ந்தது. நிற்கவில்லை. அம்மா தட்டுக் கழுவுவதை நிறுத்திவிட்டார்.

பிறகு அவர் சொன்னதை, அவர் சொன்னபடியே எழுதுகிறேன். ஒன்றையும் அழகுபடுத்தவில்லை.

"எனக்கு ஐரிஷ் தெரியாதும்மா. அப்போ ஒரு எழவும் தெரியாது. சட்டையில அந்த வளையத்தைக் குத்தியிருந்தேன், 'இவன் ஐரிஷ் பேசுவான்'னு காட்டுமே, அது. ஒரு பக்கத்தை மனப்பாடமா ஒப்பிச்சு வாங்கினது. நல்லா ஆடுவேன், நாற்காலி தூக்குவேன், கதவைப் பூட்டுவேன். அதனால துணைத் தலைவராப் போட்டுட்டாங்க. கூட்டத்துல பக்கத்துல இருக்கிறவன் தலையாட்டினா நானும் ஆட்டுவேன். அவன் சிரிச்சா நானும் சிரிப்பேன். பாதிப் பேரு அப்படித்தான்னு இப்பத்தான் தெரியுது."

அன்று கூட்டத்துக்கு முன்பே சாண்ட்விச்சுக்கு நன்றி சொல்லப் போகிறார்கள் என்று அவருக்குத் தெரியுமாம். யாரோ மண்டப வாசலில் சொல்லியிருக்கிறார்கள். வாத்தியார் வாசித்துக்கொண்டே போகிறார், புரியாத சொற்களுக்கு நடுவே தங்கையின் பெயர் கேட்கிறது. "நன்றித் தீர்மானம் வந்துடுச்சுன்னு நினைச்சேன். நம்ம டெலியாவுக்கு நாமதான் முதல்ல கை தூக்கணும்னு தூக்கினேன். திரும்பி அவளைப் பார்த்து சிரிச்சேன். அவ முகத்தைப் பார்த்தப்பதான்..."

உங்களுக்கு ஐரிஷ் நன்றாகத் தெரியும். மொழிப் போட்டியிலும் பரிசு வாங்கியவர் நீங்கள் என்று அப்பா சொன்னார். ஒவ்வொரு சொல்லும் புரிந்து, கடைசி வரிசையில் உட்கார்ந்து, அந்தக் கையையும் அந்தச் சிரிப்பையும் பார்த்திருக்கிறீர்கள். அதை நினைத்தபோது எனக்கு இருமலும் அழுகையும் சேர்ந்து வந்தன.

ஏன் அன்றே சொல்லவில்லை என்று நானும் கேட்டேன். அம்மா எனக்கு முன்பே கேட்டுவிட்டார், இன்னும் கடுமையாக: "வாயில என்ன கொழுக்கட்டையா வெச்சிருந்தீங்க?" என்று. அப்பா சொன்னது இதுதான்: "புரியாமத்தான் கை தூக்கினேன்னு சொன்னா, துணைத் தலைவனே மொழி தெரியாதவன்னு ஊரு சிரிக்கும்னு முதல் வாரம் பயந்தேன். மூணாவது வாரம் தைரியம் வந்துச்சு. அப்போ அவ லிவர்பூல் கப்பல் ஏறிட்டா. சரி, முதல்ல ஒழுங்கா மொழியைக் கத்துக்குவோம், அந்த மண்டபத்துல எழுந்து நின்னு அவங்க மொழியிலயே எல்லார் முன்னாடியும் சொல்லிட்டு, பிறகு அவளுக்கு எழுதுவோம்னு நினைச்சேன். கத்து முடிக்க நாலு வருஷம் ஆச்சு, அதுக்குள்ள அந்தப் பக்கமே மனப்பாடமாயிடுச்சு. நாலு வருஷம் கழிச்சு ஒரு கடிதாசியை எப்படி ஆரம்பிக்கிறது?"

அத்தை, அப்பா தினமும் இருநூறு வீட்டுக்குக் கடிதம் கொண்டுபோகிறார். ஒன்றை மட்டும் தொடங்கத் தெரியவில்லை.

நேற்று சனிக்கிழமை. நான் நூலகத்துக்குக் கிளம்பியபோது அவரும் ஞாயிற்றுக்கிழமைக் கோட்டைப் போட்டுக்கொண்டு கூடவே வந்தார். அந்த வரியை அடித்துவிட முடியுமா என்று கேட்கப் போகிறார் என்று பயந்தேன். அவர் கேட்கவில்லை. தன் தரப்பைச் சொல்ல இடம் உண்டா என்றுதான் கேட்டார். ஃபீனி அம்மையார், "குறிப்பேட்டுல ஒரு புள்ளியைக்கூட யாரும் தொடக் கூடாது. ஆனா பேரு வந்திருக்கிறவங்க ஒரு தாள் எழுதி குறிப்பேடு இருக்கிற உறைக்குள்ளயே வைக்கலாம். நூறு வருஷம் கழிச்சுப் படிக்கிறவன் ரெண்டையும் சேர்த்துப் படிப்பான்" என்றார். அப்பாவிடம் பென்சிலை நீட்டினார். அப்பா, தயவுசெய்து பேனா வேண்டும் என்றார். ஃபீனி அம்மையார் அவரைக் கொஞ்ச நேரம் பார்த்தார். பிறகு தன் மேசை இழுப்பறையைத் திறந்து, தன் பேனாவைக் கொடுத்தார். அந்த அறையில் ஒருவர் பேனாவால் எழுதி நான் பார்த்தது அது ஒன்றுதான்.

ஒரு மணி நேரம் எழுதினார். மூன்றே வாக்கியங்கள், ஐரிஷில், அந்தப் பழைய எழுத்தில். தீர்மானம் தனக்குப் புரியவில்லை என்பது முதல் வாக்கியம். புரிந்ததாக நடித்தது தன் குற்றம் என்பது இரண்டாவது. தன் தங்கை எந்தத் தவறும் செய்யவில்லை, அவள் நன்றாக ஆடுவாள் என்பது மூன்றாவது. பிழை இருக்கிறதா என்று என்னிடம் காட்டினார். ஒரு பிழையும் இல்லை. அந்த வளையத்தையும் சவரப் பெட்டியிலிருந்து எடுத்து வந்திருந்தார். ஃபீனி அம்மையார் அதற்கு எண் போட்டு, பொருள் என்ற இடத்தில் "சட்டையில் குத்தும் வளையம், ஒன்று" என்று எழுதினார். கொடுத்த காரணம் என்ற இடத்தில் என்ன போட என்று கேட்டார். "'தகுதியில்லாம போட்டிருந்தது'ன்னு எழுதுங்க" என்றார் அப்பா. ஃபீனி அம்மையார் எழுத மறுத்துவிட்டார். அந்த இடம் காலியாக இருக்கிறது.

அப்பாவின் தாளின் நகலை இத்துடன் வைத்திருக்கிறேன். நான் அனுப்புவது அவருக்குத் தெரியும். இந்த முறை நம் ஊர்ப் பெட்டியிலேயே போடப் போகிறேன்.

உங்கள் விருப்பப்படியே பக்கம் திறந்திருக்கும். ஊர் படிக்கும். ஆனால் அத்தை, அந்தப் பக்கத்தில் இன்னும் ஒரு பிழை நிற்கிறது. "ஒருமனதாக" என்று எழுதியிருப்பது உண்மையில்லை. ஒரு கை எழவில்லை. அதை அப்பாவும் எழுத முடியாது, நானும் எழுத முடியாது, ஃபீனி அம்மையாரும் எழுத முடியாது. அதனால் அவர் அந்த உறைக்குள் அப்பாவின் தாளுக்குப் பக்கத்தில் ஒரு வெற்றுத் தாளை வைத்து, மேலே பென்சிலால் உங்கள் பெயரை மட்டும் எழுதி வைத்திருக்கிறார். தபாலில் அனுப்பினாலும் சேர்த்துக்கொள்வாராம். நேரில் வந்து எழுதினால், தன் பேனாவை இன்னொரு முறை வெளியே எடுப்பதில் தனக்கு ஆட்சேபணை இல்லை என்றார்.

நீங்கள் கோபமாக இருக்கலாம். இருக்க உங்களுக்கு உரிமை உண்டு. வரச் சொல்லவோ, மன்னிக்கச் சொல்லவோ எனக்கு வயது போதாது. நடந்ததை எழுதுவது மட்டும்தான் இந்தக் குளிர்காலத்தில் நான் கற்றுக்கொண்டது. அதனால் இன்று நடந்ததையும் எழுதிவிடுகிறேன். பூசை முடிந்து வரும் வழியில் அப்பா என்னிடம், "டெர்வ்லா, உனக்கு ஏதாவது கடிதாசி வந்துச்சா?" என்று கேட்டார். ஞாயிற்றுக்கிழமை, அத்தை. இந்த ஊருக்கு வரும் ஒவ்வொரு கடிதத்தையும் தன் கையால் பிரித்து அடுக்குகிறவர் என்னிடம் கேட்கிறார்.

வரவில்லை அப்பா என்றேன்.

கடவுளும் புனித அன்னையும் உங்களையும் உங்கள் வீட்டாரையும் காக்கட்டும். அடுத்த முறை அவர் எங்கள் வாசல் மணியை அடிக்க ஒரு காரணம் கொடுங்கள்.

உங்கள் அன்பு மருமகள்,
டெர்வ்லா டான்ஸி